கவிதைக்குப் பக்கத்தில் ஏன் அந்தப் படம்?

1970களில் வந்த தமிழ்ச் சிற்றிதழ் (குறைந்த பிரதிகளே அச்சான இலக்கிய ஏடு) ஒன்றைப் புரட்டுபவர் முதலில் தடுமாறும் இடம் அதிலுள்ள படங்கள். கவிதை பேருந்து நிறுத்தத்தைப் பற்றியதாக இருக்கும். பக்கத்திலேயே தலையில்லாத ஓர் உடல், அல்லது நூற்றுக்கணக்கான கீறல்களால் ஆன ஒரு கிழட்டு முகம். கவிதையில் அப்படி யாரும் வருவதில்லை. படத்துக்கு அடியில் தலைப்போ விளக்கமோ இருக்காது. 'இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று அன்றைய வாசகர்கள் கேட்டார்கள். பழைய இதழ்களின் தொகுப்புகளும் மின்படிகளும் கைக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகு புதிய வாசகர்களும் அதையே கேட்கிறார்கள்.

சுருக்கமான பதில்: பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. முதலில் வசதிக்காக அப்படிப் போட்டார்கள், பிறகு சம்பந்தம் இல்லாமலே இருக்கட்டும் என்று போட்டார்கள். ஏன் அப்படி முடிவெடுத்தார்கள், அதனால் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் என்ன ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

முதலில் சில அடிப்படைகள்

எழுத்தும் ஓவியமும் சந்திக்கும் விதங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

1. எழுத்தைப் படமாக்குவது. கதையில் வரும் ஒரு காட்சியை ஓவியர் வரைகிறார். எழுத்து முன்னே போகிறது, படம் பின்னே வருகிறது. வார இதழ்த் தொடர்கதைப் படங்கள் இந்த வகை.

2. படத்தை எழுத்தாக்குவது. ஓவியத்தையோ சிற்பத்தையோ பார்த்த அனுபவத்தை ஒருவர் எழுதுகிறார். தமிழுக்கு இது மிகப் பழையது. பரிபாடலின் 19ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்துக்கு வந்தவர்கள் சுவரைச் சுட்டி 'இவன் காமன், இவள் இரதி', 'இவள் அகலிகை' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நெடுநல்வாடையில் கணவனைப் பிரிந்திருக்கும் அரசி, கட்டிலின் மேல்விதானத்தில் திங்களைப் பிரியாத உரோகிணியை எழுதியிருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1938இல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இக்காரஸ் ஓவியத்தைப் பார்த்துவிட்டு எழுதிய கவிதையும் இதே வகைதான். இறக்கை உருகியவன் கடலில் விழுகிறான், உழுகிறவன் பாட்டுக்கு உழுதுகொண்டிருக்கிறான் என்பது ஓவியம். துன்பம் எப்போதும் பிறர் கவனிக்காத மூலையில்தான் நடக்கிறது என்பது கவிதை.

3. ஒன்றின் சிக்கலை மற்றொன்று எடுத்துக்கொள்வது. இங்கே பொருளும் காட்சியும் கை மாறுவதில்லை. 'ஒரே சமயத்தில் பல கோணங்களை எப்படிக் காட்டுவது?', 'கதை சொல்லாமல் எப்படி நிற்பது?' என்று ஓவியர் தன் கலைக்குள் கேட்கும் கேள்வியைக் கவிஞர் தன் கலைக்குள் கேட்கிறார். பதில்கள் வேறு வேறாக வரும். ஆகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை எதுவும் தெரியாது.

நவீன காலத்துக்கே உரியது மூன்றாவது வகை. முதலிரண்டும் எந்தக் காலத்திலும் உண்டு.

இந்த மூன்றாவது வகை தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. ஜெர்மானியச் சிந்தனையாளர் லெஸ்ஸிங் 1766இல் ஒரு கோடு போட்டார்: கவிதை காலத்தில் நகர்வது, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும், ஓவியம் இடத்தில் நிற்பது, எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டும், ஒன்றின் வேலையை மற்றது செய்யக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இந்தக் கோடு ஓரளவு தாங்கியது. அதற்குள் ஒளிப்படம் பரவி 'உள்ளது உள்ளபடி' வரையும் வேலையை ஓவியரிடமிருந்து பறித்தது. ஓவியர்கள் வண்ணம், கோடு, தளம் என்று தங்கள் கலையின் மூலப்பொருள்களையே ஆராயத் தொடங்கினார்கள். கலை தன் மூலப்பொருளையே கேள்விக்கு உள்ளாக்கும் இந்த மனநிலையைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் 'நவீனம்' என்று குறிப்பிடுகிறேன். ஓவியர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்த எழுத்தாளர்களுக்கு, சொல்லையும் அப்படி நடத்தலாமே என்று தோன்றியது.

வார இதழ்களின் வழி: பாத்திரத்துக்கு ஒரு முகம்

சிற்றிதழ்கள் எதிலிருந்து விலகின என்று தெரிய வேண்டுமானால் வார இதழ்களைப் பார்க்க வேண்டும். அவற்றின் ஓவியத்தைக் குறைத்துப் பேசுவது சிற்றிதழ்க்காரர்களின் வழக்கம். அது நியாயமில்லை.

தமிழ் இதழியலில் படத்தைக் கருத்தோடு சேர்த்து யோசித்த முன்னோடி பாரதி. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டு, படத்துக்கு நீண்ட விளக்கமும் சேர்த்தார். கருத்துப்படம் என்ற வடிவமே பலருக்குப் புதிது. அதை எப்படிப் படிப்பது என்றும் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அடுத்த தலைமுறையில் தொடர்கதை வந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950இலிருந்து 1954வரை வெளியானபோது மணியம் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் வாசகர் மனத்தில் பதிந்துபோனார்கள். எழுத்தில் இருந்த வர்ணனை பலருக்கு மறந்திருக்கும்; மணியம் போட்ட கொண்டை மறக்கவில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு செய்ததும், சுஜாதாவின் கதைகளுக்கு ஜெயராஜ் செய்ததும் இதுவே. பாத்திரத்தைப் படைப்பதில் ஓவியருக்குப் பாதிப் பங்கு இருந்தது.

இந்த ஏற்பாட்டின் விளைவு இது: வாசகர் படிக்கத் தொடங்குமுன்பே என்ன பார்க்க வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. தொடர்கதைக்கு அது பலம். படிமத்தாலும் (சொல் மனத்தில் எழுப்பும் காட்சி) இடைவெளியாலும் இயங்கும் ஒரு கவிதைக்கு அது சேதம். கவிதையில் 'இரவு' என்று வந்தால் பக்கத்தில் நிலாவை வரைந்து வைப்பவர் அந்தக் கவிதையைக் கொஞ்சம் கொன்றுவிடுகிறார்.

மேற்கில் கை மாறியவை

மூன்றாவது வகை உறவு எப்படி இயங்கியது என்பதற்குச் சில உதாரணங்கள். இவை தமிழுக்கும் சுற்றி வந்து சேர்ந்தவை.

ஆஸ்திரியக் கவிஞர் ரில்கே 1902இல் சிற்பி ரொதானைப் பற்றிப் புத்தகம் எழுதப் பாரிஸ் போனார். 1905-06இல் அவருக்குச் செயலாளராகவும் இருந்தார். உள்ளம் பொங்கும் நேரத்துக்காகக் காத்திருந்து எழுதிக்கொண்டிருந்தவர், தினமும் பட்டறைக்குப் போய்க் களிமண்ணோடு மல்லுக்கட்டும் ஒரு மனிதரைக் கண்டார். அடுத்து வந்த அவருடைய கவிதைகளில் கவிஞரின் 'நான்' பின்னால் போய், சிறுத்தை, நீரூற்று, உடைந்த அப்பல்லோ சிலை என்று பொருள்கள் முன்னால் வந்தன. ரொதானிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது எந்தச் சிலையின் கருப்பொருளையும் விட, உழைக்கும் முறையைத்தான்.

அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் கதை இன்னும் தெளிவானது. பாரிஸ் மெட்ரோ ரயில் நிலையத்தில் வரிசையாக அழகிய முகங்களைப் பார்த்தபோது தனக்கு முதலில் கிடைத்தவை சொற்கள் அல்ல, வண்ணத் திட்டுகள் என்று அவர் 1914இல் எழுதினார். அந்த அனுபவத்தை 30 வரிகளில் எழுதிக் கிழித்துப் போட்டார். பிறகு பாதியாக்கினார். கடைசியில் 1913இல் வெளியானது இரண்டே வரி. ஜப்பானிய ஹைக்கூவிடமும் அவர் கடன்பட்டிருந்தார். படிமத்தை மையமாகக் கொண்ட கவிதை இயக்கத்தின் அடையாளக் கவிதையாக அது நின்றுவிட்டது. ஆக அந்த இயக்கத்தின் வேரிலேயே ஓவியனாக முடியாத ஒரு கவிஞரின் தவிப்பு இருக்கிறது. 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் வழியாகத் தமிழ்ப் புதுக்கவிதை படிமத்தைக் கொண்டாடியபோது, அதற்குள் இந்த ஓவிய வேர் ஏற்கெனவே இருந்தது. அந்த இதழில் எழுதிய பிரமிளும் எஸ். வைதீஸ்வரனும் ஓவியமும் வரைந்தவர்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது:

1. ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912 வாக்கில் செய்தித்தாள் துண்டுகளையும் அச்செழுத்துகளையும் ஓவியத்துக்குள் ஒட்டினார்கள். எழுத்து படிப்பதற்கு மட்டும் என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

2. அவர்களுடைய நண்பரான கவிஞர் அப்பொலினேர் சொற்களை மழையாகவும் நீரூற்றாகவும் பக்கத்தில் விழவைத்தார். 1918இல் அவை தொகுப்பாக வந்தன.

3. 1913இல் பிளேஸ் சான்ட்ரார் எழுதிய நெடுங்கவிதை ஒன்றை ஓவியர் சோனியா தெலோனே ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள மடிப்புத் தாளில் வண்ணங்களோடு அமைத்தார். 150 பிரதிகளையும் விரித்து நீளவாக்கில் ஒன்றோடொன்று சேர்த்தால் ஈஃபில் கோபுரத்தின் உயரம் வரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. விளம்பர உத்தியும்கூட.

4. அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், நியூயார்க் தெருவில் விரைந்த ஒரு தீயணைப்பு வண்டியின் மேல் மின்னிய 5 என்ற எண்ணைக் கவிதையாக்கி 1921இல் தொகுப்பில் சேர்த்தார். 1928இல் அவருடைய ஓவிய நண்பர் சார்லஸ் டெமுத் அதை ஓவியமாக்கினார். அதில் தீயணைப்பு வண்டி சரியாகத் தெரியாது. 5 என்ற எண் மூன்று அளவுகளில் பின்னோக்கிப் போகும். கவிதையின் சத்தமும் வேகமும்தான் அங்கே வரையப்பட்டிருக்கின்றன.

கடைசி உதாரணத்தைக் கவனிக்க வேண்டும். கவிதைக்குப் படம் என்று பார்த்தால் அது முதல் வகை. ஆனால் டெமுத் காட்சியை விட்டுவிட்டு, நகரும் ஒன்றை நிற்கும் தளத்தில் எப்படி வைப்பது என்ற சிக்கலைப் பிடித்துக்கொண்டார். வகைகளுக்கு இடையிலான சுவர் அவ்வளவு மெல்லியது.

தாகூர் அடித்த வரிகள்

இந்தியாவில் இந்தச் சுவர் ஒரே மனிதரின் கையெழுத்துப் பிரதியில் இடிந்தது. ரவீந்திரநாத் தாகூருக்குத் தாம் அடித்த வரிகள் பக்கத்தில் அசிங்கமாகக் கிடப்பது பொறுக்காது. அடித்த இடங்களைக் கோடுகளால் இணைத்து ஏதோவொரு வடிவமாக்கிவிடுவார். 1924இல் 'பூரபி' கவிதைகளை எழுதிய பக்கங்களில் இந்த அடித்தல்கள் பறவைகளாகவும் பெயரில்லா விலங்குகளாகவும் வளர்ந்தன. பிறகு கவிதையே இல்லாமல் அவை தனியாக வரத் தொடங்கின. 1930இல் பாரிஸில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 69. அதன் பிறகு இறக்கும்வரை வரைந்தவற்றோடு சேர்த்தால் 2,000க்கும் மேல் வரும்.

தாகூரின் கவிதையில் இசையும் ஒழுங்கும் மிகுதி. ஓவியங்களோ இருண்டவை, கோணலானவை, சில பயமுறுத்துபவை. கவிதை வேண்டாம் என்று ஒதுக்கியதெல்லாம் ஓவியத்தில் போய் ஒண்டிக்கொண்டது போலிருக்கும். ஒரு கலை மற்றொன்றைப் பிரதிபலிக்க வேண்டியதில்லை, அது விட்ட இடத்தை நிரப்பவும் செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சென்னை: எழுத்தை வரைந்த ஓவியர்கள்

சென்னைக் கலைப்பள்ளியை 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். கைவினைக்கும் தொழிலுக்கும் ஆள் தயாரிப்பது அதன் நோக்கம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். 1957இல் அவர் இடத்துக்கு வந்த கே. சி. எஸ். பணிக்கர், நவீன ஓவியம் பாரிஸின் நகலாக இருக்க வேண்டுமா என்ற கேள்வியை மாணவர்கள் முன் வைத்தார். 1966இல் அவரும் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று அதில் பிழைத்துக்கொண்டு ஓவியம் வரைந்தார்கள்.

பணிக்கர் தன் கேள்விக்குக் கண்ட பதில் எழுத்துகளின் உருவத்தில் வந்தது. 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் முதலில் கணிதக் குறிகளும் எண்களும் ரோமன் எழுத்தும் வந்தன. பிறகு மலையாள எழுத்து. ஜாதகக் கட்டம், பஞ்சாங்கப் பக்கம், ஓலைச்சுவடி ஆகியவற்றை நினைவூட்டும் பரப்புகள் அவை. படிக்க முயன்றால் படிக்க முடியாது. தெரிந்த எழுத்துப்போல் இருக்கும், பொருள் கிடைக்காது. ஓவியர் ஜே. சுல்தான் அலியும் தொன்ம விலங்குகளைச் சுற்றிப் புரியாத எழுத்து வரிகளை ஓடவிட்டார்.

எழுத்தைக் கண்ணுக்கான பொருளாக நடத்துவது நமக்குப் புதிதல்ல. சக்கர வடிவக் கட்டங்களில் எழுத்துகளை அடுக்கும் சக்கர பந்தம், பின்னிய பாம்புகளின் உடலில் அடுக்கும் நாக பந்தம் முதலிய சித்திரகவிகளுக்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லணியில் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு. சித்திரகவியில் எந்தக் கட்டத்திலிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிட்டால் செய்யுள் முழுசாகக் கிடைத்துவிடும்; அது புலமையின் விளையாட்டு. பணிக்கரின் பரப்பில் திறவுகோலே கிடையாது. எழுதத் தெரிந்த ஒரு பண்பாடு தன் எழுத்தையே எழுத்தறியாதவரின் கண்ணோடு பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்தார். 'பொருள் புரிய வேண்டும்' என்ற நிபந்தனையைத் தள்ளி வைத்த அந்தத் துணிவு, சென்னையில் அதே ஆண்டுகளில் எழுதிக்கொண்டிருந்த இளம் கவிஞர்களுக்கும் தேவைப்பட்டதுதான்.

துத்தநாகத் தகடும் கோட்டோவியமும்

இனி சிற்றிதழுக்கு வருவோம். கருத்தியலைப் பேசுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒன்று அச்சகம். சிற்றிதழ் ஓவியம் ஏன் கறுப்புவெள்ளைக் கோடாக இருந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேதான் கிடக்கிறது.

1. அன்று இதழ்கள் ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிடப்பட்டன. அந்தப் பொறியில் படம் வர வேண்டுமானால் அதற்கு 'பிளாக்' செய்ய வேண்டும்: படத்தை ஒளிப்படமெடுத்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, வேண்டாத பகுதியை அமிலத்தால் அரித்துவிட்டால் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். அந்த மேட்டில் மை ஒட்டும்.

2. பிளாக்கில் இரண்டு வகை. கோடுகளை மட்டும் கொண்டது லைன் பிளாக். சாம்பல் நிறச் சாயைகளை நுண்புள்ளிகளாக உடைத்துக் காட்டுவது ஹாஃப்டோன் பிளாக். இரண்டாவதற்குச் செலவு கூடுதல். வழவழப்பான தாளும் வேண்டும். மட்டத் தாளில் போட்டால் புள்ளிகள் அப்பிக்கொண்டு கரியாகிவிடும்.

3. கட்டணம் சதுர அங்குலக் கணக்கு. ஆகவே சிறிய படம், தெளிவான கோடு, மலிவான தாள். ஒருமுறை செய்த பிளாக்கை வேறு பக்கத்திலும் வேறு இதழிலும் திரும்பப் போடலாம்.

சில நூறு பிரதிகள் அச்சிட்டு, கைக்காசு போட்டு நடத்தப்பட்ட ஏடுகளுக்கு லைன் பிளாக்கை விட்டால் வேறு வழியில்லை. வண்ணத்தையும் சாயையையும் நம்பிய ஓவியருக்கு அங்கே இடமில்லை. கோட்டை நம்பியவருக்கு அது களம். அப்படிப்பட்ட ஒருவர் அந்த நேரத்தில் சென்னையில் இருந்தார்.

கே. எம். ஆதிமூலம் (1938–2008) துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்தவர். சென்னைக் கலைக்கல்லூரியில் படித்துவிட்டு நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றியவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் சதையும் நிழலும் பேனாக் கீறல்களின் அடர்த்தியால் மட்டுமே உருவாகின்றன. லைன் பிளாக்குக்கு இதைவிடப் பொருத்தமான கை கிடைக்காது: சாயை தேவையில்லை, ஆனால் சாயை இருக்கும்.

1970 அக்டோபரில் 'கசடதபற' என்ற சிற்றிதழ் வந்தது. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி முதலியோர் அதன் பின்னணியில் இருந்தார்கள். பகலில் அலுவலக வேலை, மாலையில் இலக்கியம் என்று வாழ்ந்தவர்கள். ஓவியர்களும் துணிக்கு வடிவம் போட்டுவிட்டு இரவில் வரைந்துகொண்டிருந்தார்கள். இரு தரப்புக்கும் வாசகர்களும் பார்வையாளர்களும் சொற்பம். இந்த ஒத்த நிலைமைதான் அவர்களைச் சேர்த்தது என்பது என் கணிப்பு; கொள்கை அறிக்கை எதுவும் சேர்க்கவில்லை. ஓவியர் வரைந்து வைத்திருந்ததைக் கொடுத்தார், ஆசிரியர் இடமிருந்த பக்கத்தில் போட்டார். கவிதையைப் படித்துவிட்டு வரைய வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

பேருந்து நிறுத்தக் கவிதைக்குப் பக்கத்தில் தலையில்லாத உடல் வந்த கதை இதுதான். முதலில் வசதிக்கான ஏற்பாடு. போகப்போக அது ஒரு நிலைப்பாடாக உறைந்தது. படம் கவிதைக்கு வேலைக்காரன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன்.

பின்னாளில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலம்தான் வரைந்தார். வெகுசன இதழ், லட்சக்கணக்கான வாசகர்கள், முதல் வகை வேலை. ஆனாலும் அந்தக் கோடு சிற்றிதழிலிருந்து வந்த கோடாகவே இருந்தது. கரிசல் சம்சாரியின் முகத்துக்கும் வெடித்த மண்ணுக்கும் ஒரே வகைக் கீறலைப் பயன்படுத்தினார். கி.ரா. பேச்சுநடையால் செய்ததை அவர் பேனாவால் செய்தார்.

எழுதுகிறவர்களுக்குக் கிடைத்தது

செல்வாக்கு என்பது ரசீது போட்டுக் கொடுக்கப்படுவதில்லை. ஆனாலும் அந்தத் தலைமுறையின் எழுத்தில் மூன்று மாற்றங்களைச் சுட்டலாம்.

1. பக்கம் ஒரு பரப்பானது. மரபுக் கவிதை காதுக்கானது. சீரும் தளையும் செவிவழி இயங்குபவை. தாளில் எப்படி அச்சிட்டாலும் வெண்பா வெண்பாதான். புதுக்கவிதைக்கு அப்படியில்லை. வரியை எங்கே முறிப்பது, எத்தனை வெற்றிடம் விடுவது என்பவை கண்ணுக்கான முடிவுகள். பக்கத்தில் ஓர் ஓவியம் வெள்ளையைச் செலவழித்து நிற்கும்போது, கவிதையைச் சுற்றியுள்ள வெள்ளையும் அர்த்தமுள்ளதாகத் தெரியத் தொடங்கும்.

2. முடிக்காமல் விடும் உரிமை. தலையில்லாத உடல், பாதி முகம் எல்லாம் ஓவியத்தில் முழுமையான படைப்புகள். சிறுகதைக்கு முடிவில் ஒரு திருப்பம் வேண்டும் என்ற வார இதழ்ப் பழக்கத்தை உதற இது துணை செய்தது.

3. பார்ப்பதே செயலாவது. ந. முத்துசாமி தன் ஊரான புஞ்சையை வைத்து எழுதிய கதைகளில் கதை நகர்வதைவிட, தெருவும் குளமும் மனிதர்களும் மெதுவாகப் பார்க்கப்படுவதுதான் அதிகம். ஒரு பொருளின் முன் நெடுநேரம் நிற்கும் ஓவியனின் பொறுமை அதில் உண்டு. அவர் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கி, சொல்லைவிட உடலையும் வெளியையும் முன்வைத்த நாடகத்துக்குப் போனதும் இதன் தொடர்ச்சியாகவே படுகிறது.

இதே சென்னையிலிருந்து கன்னடத்துக்கும் ஒரு கிளை போனது. சோழமண்டலத்து ஓவியர் எஸ். ஜி. வாசுதேவ், யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவல் 1970இல் திரைப்படமானபோது அதன் கலை இயக்குநராக இருந்தார், ஏ. கே. ராமானுஜனின் கவிதைகளோடு பல ஆண்டுகள் ஓவியத்தில் உரையாடினார். குஜராத்தியில் குலாம் முகமது ஷேக் என்ற ஒரே ஆள் கவிஞராகவும் ஓவியராகவும் இருந்து, பூபேன் கக்கருடன் சேர்ந்து 1969இலிருந்து ஓர் இதழும் நடத்தினார். தமிழ் தனித்த நிகழ்வு இல்லை என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

கணக்கு சமமில்லை

ஓவியர்களுக்கும் பலன் இருந்தது. கலைக்கூடத்தின் படியேறாத வாசகர் வீட்டுக்கே அவர்களுடைய கோடு போனது. எழுத்துருவும் அவர்கள் கையால் மாறியது: சிற்றிதழ்களின் பெயரெழுத்துகளையும் புத்தக அட்டைகளின் தலைப்புகளையும் ஆதிமூலம் கையால் வரைந்தார். 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் புத்தகத்தின் தோற்றத்தையே படைப்பின் பகுதியாக எடுத்துக்கொண்டது. ஓவியர் டிராட்ஸ்கி மருது முதலியோர் அட்டைப்படத்தை ஒரு தனித்துறையாகவே வளர்த்தார்கள்.

ஆனால் எழுத்தாளர்கள் திருப்பிக் கொடுத்தது குறைவு. ஓவியரின் படத்தைப் பக்கத்தில் போட்டார்கள். அந்தப் படத்தைப் பற்றி எழுதவில்லை. சென்னையின் நவீன ஓவியர்களைப் பற்றித் தமிழில் தீவிரமாக எழுதப்பட்டது சொற்பம். பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் கிடக்கிறது. எழுத்தாளர் சி. மோகன் போன்ற ஒருசிலர் விதிவிலக்கு. சோழமண்டலத்தில் வாழ்ந்து 1973இல் இளம் வயதில் இறந்துபோன ஓவியர் கே. ராமானுஜத்தை மையமாக வைத்து மோகன் எழுதிய 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' நாவல், தமிழ் எழுத்து தன் ஓவியக் கடனைத் தாமதமாக அடைக்க முயன்ற ஓர் இடம். 'படம் புரியவில்லை' என்று வாசகர் இன்றும் சொல்வதற்கு ஓவியத்தைவிட இந்த விமர்சன வறட்சிக்குப் பொறுப்பு அதிகம். கவிதை புரியாதபோது உதவிக்கு நூறு கட்டுரைகள் உண்டு.

ஆஃப்செட்டுக்குப் பிறகு

ஆஃப்செட் அச்சும் கணினியும் பரவியதும் பிளாக்கின் கட்டுப்பாடு போனது. எந்த ஓவியத்தையும் முழு வண்ணத்தில் போடலாம். இரண்டு விளைவுகள் வந்தன.

முதலாவது, அட்டை அலங்காரம். நாவலின் உள்ளடக்கம் எதுவானாலும் மேலே ஓர் அரூப (எந்த உருவத்தையும் காட்டாத) ஓவியம். சம்பந்தமின்மை இங்கேயும் இருக்கிறது, ஆனால் இது வேறு. ஓவியம் 'இது தீவிர இலக்கியம்' என்று அறிவிக்கும் முத்திரையாகச் சுருங்கிவிட்டது. பல அட்டைகளில் ஓவியத்தின் மேலேயே தலைப்பைப் பரப்பிவிடுகிறார்கள். ஓவியரின் பெயர் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

இரண்டாவது, அண்மைக் காலத்தில் இணைய இதழ்களில் கதைகளுக்குச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்படும் படங்கள். இதைப் பற்றிய சண்டை பெரும்பாலும் ஓவியர்களின் பிழைப்பு, உரிமை என்ற திசையில் நடக்கிறது. அவை முக்கியமான கேள்விகளே. ஆனால் நாம் பார்த்த வகைப்பாட்டின்படி இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கருவிக்குக் கதையின் காட்சியைச் சொற்களில் கொடுத்தால்தான் படம் வரும். அதாவது இது முதல் வகையின் உச்சம்: படம் முழுக்க முழுக்க எழுத்துக்குக் கீழ்ப்பட்டது. 'இரவு' என்று சொன்னால் நிலா வந்தே தீரும். மணியத்துக்கும் கோபுலுவுக்கும் ஆசிரியரோடு முரண்படும் சுதந்திரமாவது இருந்தது.

எழுத்தும் படமும் வேறு விதமாகச் சேரும் வழி தமிழர் நடுவிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலை வெளியிட்டார். தோம்பு என்பது போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்து இலங்கை நிலப் பதிவேடு. போரால் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் தாம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கோணல்மாணலாக வரைகிறார்கள். அடுத்து அதே வீடு கட்டடக்கலைஞரின் அளவான கோடுகளில். அடுத்து சனாதனனின் ஓவியம். கூடவே அந்த மனிதர் சொன்ன சில வரிகள். கிணறு எங்கே இருந்தது, எந்த மரம் எந்த மூலையில் நின்றது என்ற விவரங்கள் வரியில் விட்டுப்போனால் கோட்டில் இருக்கும். கோட்டில் விட்டுப்போனால் வரியில் இருக்கும். அரசாங்கப் பதிவேட்டின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அரசாங்கம் பதியாத இழப்பை அதில் பதிந்திருக்கிறார்கள். இங்கே எது எதற்குப் படம், எது எதற்கு விளக்கம் என்று பிரிக்க முடியவில்லை. இதை ஓவிய நூல் என்பவர்களும் உண்டு, வாய்மொழி வரலாறு என்பவர்களும் உண்டு. தமிழில் இலக்கிய நூல் என்று எடுத்துக்கொண்டு இதைப் படித்து விரிவாக எழுத இன்னும் இடமிருக்கிறது.